எந்த பிக்கப் கட்டுப்படியாகும்? முதுநகர் மீனுக்கும் பண்ருட்டி பலாவுக்கும் ஒரு டீசல் கணக்கு

அக்கா மகன் கடலூர் முதுநகரில் மீன் எடுத்து புதுச்சேரிக்கு அனுப்புகிறான். இதுவரை வாடகை வண்டி. இப்போது சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முன்பணத்தைத் தயார் பண்ணிவிட்டு எனக்குப் போன் போட்டான்.

"மாமா, பொலேரோவா, தோஸ்த்தா? எது மைலேஜ் ஜாஸ்தி குடுக்கும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"ஒரு நடைக்கு எவ்ளோ எடை ஏத்துற மாப்ளே?"

"அது... பெட்டிக் கணக்குதான் தெரியும் மாமா."

சிக்கலே அங்கேதான். இதே கேள்வியைப் பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றும் என் பங்காளியும் கேட்டார், செங்கல் ஏற்றுகிறவர் ஒருவரும் கேட்டார். மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். மூன்றும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்துத் தராசில் நிறுத்துவது?

ஷோரூமில் சொல்லும் மைலேஜை முதலில் ஓரமாக வையுங்கள். அது பொய்யில்லை. சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏறத்தாழ 20 நிமிடம், சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓட்டி எடுக்கும் எண் அது. அங்கே எதிர்க்காற்று இல்லை, புதுச்சேரி மரப்பாலம் சிக்னல் இல்லை, பின்னால் ஒன்றரை டன் பலாவும் இல்லை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது உதவும், மாதச் செலவைப் போட உதவாது.

நான் பார்ப்பது இவற்றைத்தான். வழக்கமான நாளில் ஏறும் எடை எவ்வளவு? திரும்பும்போது காலியா, ரிட்டர்ன் லோடு உண்டா? ஓட்டம் நாலு வழிச்சாலையிலா, ஊருக்குள்ளா? மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? இவற்றை எல்லாம் போட்ட பிறகு, ஒரு டன் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை ரூபாய் டீசல் ஆகிறது? கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் "லிட்டருக்கு எத்தனை" என்ற கேள்விக்குப் பாதி மதிப்புதான்.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு கண்ணைக் கட்டவும் செய்யும். 10 கொடுக்கிற வண்டி 12 கொடுத்தால் 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம். 16 கொடுக்கிற வண்டி 18 கொடுத்தால் மிச்சம் 0.69 லிட்டர்தான். இரண்டிலும் கூடியது அதே 2. ஆனால் பணப்பையில் வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். ஏற்கெனவே நன்றாக ஓடும் வண்டியில் இன்னும் ஒன்றைக் கூட்டப் படாதபாடு படுகிறவர்கள், பாரத்தோடு 9க்கு இறங்கிவிட்ட பெரிய வண்டியைக் கண்டுகொள்வதில்லை.

கீழே உள்ள அட்டவணையில் மைலேஜ் எண்கள் கம்பெனி சொன்னவை அல்ல. எங்கள் பக்கத்து டிரைவர்கள் சொல்வதையும் நான் கூடவே போய்ப் பார்த்ததையும் வைத்துப் போட்டவை. உங்கள் காலுக்கும் உங்கள் ரோட்டுக்கும் கொஞ்சம் மாறும்.

| வண்டி | என்ஜின் | ஏற்றும் எடை | காலியாக (லிட்டருக்கு கி.மீ.) | பாரத்தோடு (லிட்டருக்கு கி.மீ.) |
|---|---|---|---|---|
| டாடா ஏஸ் டீசல் | 2 சிலிண்டர், 700 சிசியை ஒட்டி | முக்கால் டன்னை ஒட்டி | 20–22 | 16–18 |
| டாடா இன்ட்ரா வி30 | 4 சிலிண்டர், 1,496 சிசி | 1.3 டன் | 16–18 | 12–14 |
| அசோக் லேலண்ட் தோஸ்த் | 3 சிலிண்டர், 1,478 சிசி | மாடலைப் பொறுத்து 1.25–1.5 டன் | 16–18 | 12–15 |
| மஹிந்திரா பொலேரோ பிக்கப் | 4 சிலிண்டர், 2,523 சிசி | மாடலைப் பொறுத்து 1.3–2 டன் | 13–15 | 10–12 |
| இசுசு டி-மேக்ஸ் (சிங்கிள் கேபின்) | 4 சிலிண்டர், 2,499 சிசி | மாடலைப் பொறுத்து 1.2–1.7 டன் | 12–14 | 10–11 |

## குட்டி யானை

2005இல் வந்த டாடா ஏஸுக்கு நம் ஊர் வைத்த பெயர் குட்டி யானை. மைலேஜில் அதை அடிக்க இந்தப் பட்டியலில் ஆளில்லை. மஞ்சக்குப்பம் சந்துக்குள் புகுந்து திரும்பும், பார்க்கிங் தொல்லை இல்லை, இரண்டு சிலிண்டர் என்பதால் ரிப்பேரும் கையடக்கம். தண்ணீர் கேன், மளிகை, பந்தல் சாமான், வீடு மாற்றுவது போன்ற வேலைக்கு இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

முக்கால் டன்னைத் தாண்டும்போதுதான் வம்பு. 1.2 டன்னை இதில் ஏற்றிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மாட்டாவிட்டாலும் கிளட்ச்சும் ஸ்பிரிங் பட்டையும் சேர்ந்து வசூலித்துவிடும். சரி, இரண்டு நடை அடிக்கலாம் என்றால் 16 என்பது அங்கேயே 8 ஆகிவிடுகிறது. நாலு வழிச்சாலையில் சென்னை வரைக்கும் இதை விரட்டுவதும் பாவம், வண்டிக்கும் டிரைவருக்கும்.

## இன்ட்ராவும் தோஸ்த்தும்

இவை இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டதற்குச் சண்டைக்கு வருவார்கள். டீசலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையில் டிரைவர் கால் அளவுதான் வித்தியாசம். இன்ட்ராவில் டீசலை மிச்சப்படுத்தும் எக்கோ சுவிட்ச் உண்டு, எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று காட்டும் குறியும் உண்டு. அதைப் பார்த்து மாற்றுகிற டிரைவர் அமைந்தால் லாபம். தோஸ்த் 2011இலிருந்து ஓடுகிற வண்டி, ஓசூர் தயாரிப்பு. நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்குக் கை பழகியிருக்கிறது, பழைய வண்டி சந்தையிலும் கேட்டு வாங்க ஆள் இருக்கிறார்கள்.

ஒரு டன்னை ஒட்டிய பாரம், தினமும் 60 முதல் 150 கிலோமீட்டர் ஓட்டம், திரும்பும்போது காலி. இந்த மூன்றும் சேர்ந்தால் இந்த வகைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காலியாகத் திரும்பும் நேரத்தில் சின்ன என்ஜினும் குறைந்த சொந்த எடையும் கொடுக்கும் மிச்சம் பெரிய வண்டியில் வரவே வராது. காலியாகத் திரும்புவது நம் ஊர் லோடு வண்டிகளின் தலையெழுத்து. மீன் போன வண்டியில் திரும்பும்போது வேறு யாரும் சரக்கு ஏற்ற மாட்டார்கள், நாற்றம்.

எடை பற்றி இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து, 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. இன்ட்ரா வி30 இந்த வரம்புக்குள் வரும். பெரிய பிக்கப் எடுப்பதாக இருந்தால் அந்த மாடலின் மொத்த எடை எவ்வளவு என்று முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## பொலேரோ பிக்கப்

பண்ருட்டிப் பங்காளிக்கு இதைத்தான் சொன்னேன். சீசனில் அவர் வண்டி பின் டோர் மூடாத அளவுக்குப் பலாவோடு கோயம்பேட்டுக்குப் போகும். போக ஏறத்தாழ 170 கிலோமீட்டர், வரவும் அதே. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டோம்.

பொலேரோவில் 1.6 டன் ஏற்றினால் போகும்போது 11, வரும்போது 14. மொத்தம் 27.6 லிட்டர், 2,567 ரூபாய். ஒரு டன்னுக்கு 1,604. தோஸ்த்தில் 1.3 டன் ஏற்றினால் போகும்போது 13, வரும்போது 17. மொத்தம் 23.1 லிட்டர், 2,148 ரூபாய். ஒரு டன்னுக்கு 1,652. மைலேஜ் குறைவான வண்டி டன் கணக்கில் ஜெயித்துவிட்டது! வித்தியாசம் சின்னதுதான், ஆனால் டிரைவர் பேட்டாவும் டோலும் ஒரு நடைக்கு ஒரு தடவைதானே. 1.6 டன்னை ஒரே நடையில் இறக்குகிறவருக்கு அதுவும் லாபம்.

அதே பொலேரோவில் 800 கிலோ மட்டும் ஏற்றிப் பாருங்கள். போகும்போது 12 கொடுக்கும் என்றே வைத்தாலும் 26.3 லிட்டர், 2,446 ரூபாய். தோஸ்த்துக்கு 2,055 ரூபாய்தான் ஆகும். நடைக்கு 390 ரூபாய் சும்மா போகிறது. மாதம் 20 நடை என்றால் 7,800. அரை பாரத்தோடு ஓடும் பெரிய வண்டிதான் இந்தத் தொழிலில் பெரிய ஓட்டை.

பலா ஏற்றும்போது இன்னொன்றையும் பார்த்தேன். பழத்தைக் கேபின் உயரத்துக்கு மேல் குவித்து, தார்ப்பாயைத் தளர்த்தியாகக் கட்டியிருந்தார்கள். திண்டிவனம் தாண்டிய பிறகு அது பட்பட் என்று அடித்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் டீசல் எரியும் சத்தம் என்று சொன்னேன், பங்காளி சிரித்தார். 60இல் போகிற வண்டி 85இல் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்காகும். உயரமாக, படபடக்கிற பாரத்தோடு என்றால் அதற்கும் மேல். அடுத்த நடையில் பழத்தைக் கேபின் மட்டத்தோடு நிறுத்தி, கயிற்றை இழுத்துக் கட்டி, 65ஐத் தாண்டாமல் வரச் சொன்னோம். லிட்டருக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் கூடியது. வண்டியை மாற்றாமலே கிடைத்த மைலேஜ் அது.

## இசுசு, ஹைலக்ஸ் வகை

சுருக்கமாகவே முடிக்கிறேன். இசுசுவின் சிங்கிள் கேபின் வண்டி நெடுந்தூரத்துக்குச் சுகமானது, ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்காது. மைலேஜ் பொலேரோவை ஒட்டித்தான். ஆனால் எடுப்பதற்கு முன் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இசுசுவின் டபுள் கேபின் வி-கிராஸும் 2022இல் இங்கே வந்த டொயோட்டா ஹைலக்ஸும் தோட்டம், ரிசார்ட், குடும்பம் என்று இருக்கிறவர்களுக்கு. ஹைலக்ஸில் இருப்பது 2.8 லிட்டர் என்ஜின். அதை வைத்து மீன் வியாபாரம் பண்ணப் போகிறேன் என்று ஒருவர் கேட்டார். வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன்.

## பம்ப் பில்லில் வராத செலவு

இ.எம்.ஐ. வண்டி விலையில் ஒரு லட்சம் கூடினால், 10 சதவிகித வட்டியில் ஐந்து வருடக் கடனுக்கு மாதம் 2,125 ரூபாய் கூடும். வண்டி நிற்கிற நாளிலும் அது ஓடும். மைலேஜுக்காகவே விலை கூடிய மாடலை எடுக்கிறீர்கள் என்றால், மாதம் 23 லிட்டராவது அது மிச்சப்படுத்த வேண்டும்.

புகை வடிகட்டி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, டி.பி.எஃப்., இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அது நன்றாகச் சூடேற வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காத ஓட்டம் வேண்டும். என் மச்சான் ஊருக்குள்ளேயே நாலைந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு டீசல் பிக்கப்பை ஓட்டினார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் சாமி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். ஒரு நாள் ஆல்பேட்டைப் பாலத்தில் ஏற முடியாமல் வண்டி முனகிக்கொண்டு நின்றது. பில் ஒரு மாத வருமானத்தைத் தின்றது. நாள் முழுக்கக் குட்டி நடைதான் என்றால் டீசலே வேண்டாம், சி.என்.ஜி. வண்டியைப் பாருங்கள்.

யூரியா கரைசல். சில டீசல் வண்டிகளுக்கு இதைத் தனியாக ஊற்ற வேண்டும். 100 லிட்டர் டீசலுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை பிடிக்கும். நீங்கள் எடுக்கும் மாடலுக்கு இது தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

உப்புத் தண்ணீர். மீன்காரர்களுக்கு மட்டும். ஐஸ் உருகி வடியும் தண்ணீர் பின் டோர் கீல், ஸ்பிரிங் பட்டை, பிரேக் குழாய் என்று ஒவ்வொன்றாக அரிக்கும். தினமும் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவ வேண்டும். பாடி கட்டும்போதே தண்ணீர் வடிய ஒரே பக்கமாகச் சரிவு வைத்துக் குழாய் விடச் சொல்லுங்கள். வண்டி ஓடத் தகுதிதான் என்று காட்டும் எஃப்.சி. சான்று முதல் எட்டு வருடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம். துரு பிடித்த வண்டிக்கு ஒவ்வொரு எஃப்.சி.யும் ஒரு கல்யாணச் செலவு.

முள்ளோடை டீசல். முள்ளோடையில் புதுச்சேரி எல்லைக்குள் போனதும் டீசல் விலை இறங்கும் என்பது கடலூரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். லோடு அந்தப் பக்கம் போகிறது என்றால் அங்கேயே நிரப்புங்கள், கேள்வியே இல்லை. டீசலுக்காகவே முதுநகரிலிருந்து காலி வண்டியை எடுத்துக்கொண்டு போவதுதான் வேடிக்கை. போக வர 30 கிலோமீட்டர், 15 கொடுக்கும் வண்டிக்கு 2 லிட்டர், 186 ரூபாய். லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்று வைத்து 40 லிட்டர் அடித்தால் 200 ரூபாய். டீக்குப் பதினாலு ரூபாய் மிச்சம்.

தெற்கே சிதம்பரம் பக்கம் ஓடுகிறவர்கள் கொத்தட்டை சுங்கச்சாவடியையும் நடைச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

## அளக்கிற விதம்

டேஷ்போர்டில் வரும் எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே பங்க், ஒரே பம்ப், தானாக நிற்கும் வரை ஃபுல் டேங்க். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீட்டராவது ஓடிய பிறகு அதே இடத்தில் மறுபடி ஃபுல். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுங்கள். ஒரு தடவை பார்த்தது போதாது, மூன்று தடவை. கூடவே ஏற்றிய எடையை எழுதாவிட்டால் அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை. டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். மீன் ஏலம் முடியும் வரை ஏ.சி.க்காக என்ஜினை ஓடவிட்டு நிற்கிறவர்கள் அந்த நேரத்தையும் எழுதுங்கள். நின்ற இடத்திலேயே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும், மைலேஜ் நோட்டில் அது "வண்டி சரியில்லை" என்றுதான் பதிவாகும்.

## மருமகன் கணக்கு

எடை தெரியாது என்றானே, அவனை முதலில் எடை மேடைக்கு அனுப்பினேன். வாடகை வண்டியைக் காலியாக ஒரு தடவை, மீனோடு ஒரு தடவை ஏற்றினான். 900 கிலோ. "மீன் நானூத்தம்பதுதான மாமா?" என்று குழம்பினான். மீதி ஐஸ். மத்தி மீனும் கவலை மீனும் புதுச்சேரி போய்ச் சேரும் வரை கெடாமல் இருக்க மீனுக்குச் சமமாக ஐஸ் கொட்டுகிறான், அதற்கும் சேர்த்து டீசல் எரிகிறது.

அவனுக்கு ஒரு வழி 30 கிலோமீட்டர், போகும்போது பாரம், வரும்போது காலிப் பெட்டி. பொலேரோ என்றால் போக 12, வர 14, ஒரு நாளைக்கு 4.64 லிட்டர். தோஸ்த் வகை என்றால் போக 14, வர 17, 3.9 லிட்டர். வித்தியாசம் முக்கால் லிட்டர்கூட இல்லை. 26 நாளுக்கு 1,800 ரூபாயை ஒட்டி வரும். இத்தனை நாள் மண்டையைக் குடைந்த மைலேஜ் பிரச்சினை இவ்வளவுதான். விலையில் ஒரு லட்சம் வித்தியாசம் இருந்தால் இ.எம்.ஐ. அதைவிடப் பெரியது.

ஆனால் அவனுக்கு அவ்வப்போது சென்னை ஆர்டர் வரும், அன்றைக்கு ஒன்றரை டன்னைத் தாண்டும். மாதம் ஒரு தடவை என்றால் சின்ன வண்டியை வாங்கிவிட்டு அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள் என்றேன். நாலு தடவை என்றால் வாடகையே வித்தியாசத்தைத் தின்றுவிடும், பொலேரோவே எடு. எத்தனை தடவை என்று கேட்டால் "வரும் மாமா, வராமலும் போகும்" என்கிறான்.

அதனால் இப்போதைக்கு எதையும் வாங்கவில்லை. தெரிந்தவரின் தோஸ்த்தை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டி, எடை, லிட்டர், நின்ற நேரம் எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொண்டுவந்தான். பாரத்தோடு 14.1. நோட்டு முழுக்க மீன் கவுச்சி. பொலேரோ வாரம் இன்னும் பாக்கி.